ரோமா மக்களுக்கு எதிரான பாகுபாடு: இளைஞர் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்த ஒரு வழிகாட்டி

ஐரோப்பாவில் இளைஞர் மன்றம், தமிழ்ச் சங்கத்தின் இளையோர் பிரிவு, பள்ளிக்கு வெளியே நடக்கும் மாலை வகுப்பு என எதையாவது நடத்துபவர்களுக்கான கட்டுரை இது. ஐரோப்பா எங்கும் சிறுபான்மையினராக வாழும், முன்பு "ஜிப்சி" என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள் மீதான பாகுபாட்டை எதிர்கொள்ள உங்கள் பணியாளர்களைப் பழக்க வேண்டும், பல நாட்டுப் பயிற்சி ஒன்றை நீங்களே நடத்த வேண்டும் என்றால், எந்த வரிசையில் வேலை செய்வது, எங்கே தடுக்கும் என்பது மட்டும் இங்கே. வரலாறு தேவையான இடத்தில் ஓரிரு வரி வரும்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால் ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம்: செக் குடியரசின் ஓஸ்ட்ராவா நகரில் 6 வேலை நாள் பயிற்சி. முன்னும் பின்னும் ஒவ்வொரு பயண நாள். செக், ஜெர்மனி, ருமேனியா, வட மாசிடோனியா என 4 நாடுகள், நாட்டுக்கு 6 பேர், மொத்தம் 24 பேர். பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் இளைஞர் பணியாளர் பயிற்சிப் பிரிவிலிருந்து.

1. யாருக்குப் பயிற்சி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"ரோமா பண்பாட்டை அறிமுகப்படுத்துவோம்" என்று தொடங்கும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு பாட்டு, ஒரு நடனம், ஒரு சாப்பாடு என்று முடிந்துவிடும். வந்தவர்கள் மகிழ்ச்சியாக ஊர் திரும்புவார்கள். அவர்களுடைய மன்றத்தில் ரோமா பிள்ளைகள் ஏன் சேருவதில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கும். பயிற்சியின் இலக்கு ரோமா மக்களைப் பற்றிய அறிவு என்று எழுதாதீர்கள். பணியாளர் தம் அமைப்பில் எந்த விதியை, எந்தப் பழக்கத்தை மாற்றப் போகிறார் என்று எழுதுங்கள். விண்ணப்பத்தை மதிப்பிடுபவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள்.

24 பேரில் குறைந்தது 8 பேர் ரோமா இளைஞர் பணியாளர்களாக இருக்கட்டும். ஒருவரோ இருவரோ இருந்தால் ஆறு நாளும் அவர்கள் தலையில் "உங்கள் மக்கள் ஏன் இப்படி?" என்ற கேள்வி விழும். அவர்கள் பயிற்சி பெற வந்தவர்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள் இல்லை.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் உண்டு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இனப் பின்னணி சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவல். பதிவுப் படிவத்தில் "நீங்கள் ரோமாவா? ஆம் / இல்லை" என்று பெட்டி போட்டுக் கேட்காதீர்கள். ரோமா அமைப்புகளைக் கூட்டாளிகளாகச் சேர்த்து, ஆள் தேர்வை அவர்களிடமே விட்டுவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புபவர் எழுத ஒரு காலியிடம் விடுங்கள். அது கட்டாயமில்லை என்று பக்கத்திலேயே போடுங்கள். புகைப்பட அனுமதித் தாளும் தனியாக இருக்கட்டும். ரோமா என்ற அடையாளத்தை வேலையிடத்தில் வெளியே சொல்லாமல் வாழ்பவர்கள் பலர். உங்கள் முகநூல் படம் அவர்கள் வேலைக்கு உலை வைக்கலாம்.

2. ரோமா பயிற்றுநரை விண்ணப்பத்துக்கு முன்பே அமர்த்துங்கள்

பணம் வந்தபின் "ஒரு ரோமா பேச்சாளரைக் கூப்பிடலாம்" என்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. நிரல் முழுவதும் எழுதி முடித்தபின் வருபவருக்கு ஒரு மணி நேரமும் ஒரு பூச்செண்டும்தான் மிஞ்சும். மூன்று பயிற்றுநர் என்றால் ஒருவராவது ரோமாவாக இருக்க வேண்டும். நிரலை எழுதும் முதல் கூட்டத்திலேயே அவர் உட்கார வேண்டும், மற்ற இருவருக்கும் என்ன ஊதியமோ அதே ஊதியம். "உங்கள் சமூகத்துக்காகத்தானே" என்று இலவசமாகக் கேட்பது பாகுபாட்டைப் பற்றிய பயிற்சியைப் பாகுபாட்டோடு தொடங்குவது.

எங்கே தேடுவது? புடாபெஸ்டில் உள்ள ஃபிரென் அமென்சா, பிரஸ்ஸல்ஸில் உள்ள எர்கோ வலையமைப்பு, பன்னாட்டு ரோமா இளைஞர் வலையமைப்பான டெர்னைப் ஆகிய மூன்றும் இளைஞர் பணியை அறிந்தவை. செக் நாட்டில் பிராகின் ரோமெயா அமைப்பும் பிர்னோவில் உள்ள ரோமா பண்பாட்டு அருங்காட்சியகமும் வழிகாட்டும். ஏப்ரல் 8 பன்னாட்டு ரோமா நாள். ஆகஸ்ட் 2 ரோமா இனப்படுகொலை நினைவு நாள். இவற்றை ஒட்டிய வாரங்களில் இந்த அமைப்புகளில் எவரும் கையில் சிக்க மாட்டார்கள். மின்னஞ்சலை அதற்கு முன்போ பின்போ அனுப்புங்கள். பயிற்சியையும் அந்த வாரங்களில் வைக்காதீர்கள்.

3. விண்ணப்பமும் பணமும்

விண்ணப்பம் உங்கள் அமைப்பு பதிவான நாட்டில் எராஸ்மஸ் பிளஸை நடத்தும் தேசிய முகமைக்குப் போக வேண்டும்: செக் என்றால் பிராகில் உள்ள டிசெட்எஸ், ஜெர்மனி என்றால் பான் நகரில் உள்ள யூகெண்ட் ஃபியூர் ஒய்ரோபா. முதல் சுற்று வழக்கமாகப் பிப்ரவரியில், பிரஸ்ஸல்ஸ் நேரம் நண்பகல் 12 மணிக்கு மூடும். அது ஜூன் 1 முதல் டிசம்பர் 31 வரை தொடங்கும் திட்டங்களுக்கு. அக்டோபர் சுற்று எல்லா நாடுகளிலும் நடக்காது; முகமையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் விண்ணப்பித்தால் இலையுதிர் காலத்தில் பயிற்சி வைப்பதுதான் பாதுகாப்பு. ஜூனில் வைத்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே பயணச்சீட்டு வாங்க நேரிடும்.

முன்கூட்டி முடிக்க வேண்டியவை:

- ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளங்களில் நுழைவதற்கான ஈயூ லாகின் கணக்கு. தனிநபர் பெயரில்தான் திறக்க முடியும். பொறுப்பாளர் மாறினால் அமைப்பே வெளியே நிற்கும் என்பதால் இருவருக்கு அணுகல் கொடுங்கள்.
- அமைப்பு அடையாள எண். E என்ற எழுத்தும் 8 இலக்கங்களும். ஒவ்வொரு கூட்டாளி அமைப்புக்கும் தனித்தனியாக வேண்டும். ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிட்டுப் பதியுங்கள். ஒரே அமைப்புக்கு இரண்டு எண் இருந்தால் குழப்பம்.
- அமைப்பின் பதிவுச் சான்று, சட்ட அடையாளப் படிவம், வங்கிக் கணக்குப் படிவம்.
- சட்டப்படி கையெழுத்திடும் உரிமை உள்ளவர் ஒப்பமிட்ட உறுதிமொழித் தாள். செயலாளர் போட்ட கையெழுத்து, விதிமுறைப்படி தலைவர் போட வேண்டியதாக இருந்தால், செல்லாது.
- நாள்வாரி நிரல். இதை இணைக்க மறந்தவர்கள் நிறைய.

கூட்டாளி கிடைக்காவிட்டால், இளைஞர் பணிக்கான சால்ட்டோ யூத் இணையதளத்தில் கூட்டாளி தேடுவதற்கென்றே உள்ள ஓட்லாஸ் பகுதியில் தேடலாம். அதே தளத்தின் ஐரோப்பியப் பயிற்சி நாட்காட்டியில் வரும் ஒரு பயிற்சிக்கு முதலில் பங்கேற்பாளராகப் போய் வருவது இன்னும் நல்லது.

மதிப்பீடு 100 புள்ளிகளுக்கு. தேற 60 வேண்டும். அதோடு ஒவ்வொரு பகுதியிலும் பாதியாவது எடுக்க வேண்டும். மொத்தம் 70 வாங்கியும் ஒரு பகுதியில் பாதிக்குக் கீழே போனால் தோல்விதான். அமைப்பாளர்கள் அசட்டையாக விடும் பகுதி திட்ட நிர்வாகம்: யார் என்ன செய்வார், பயிற்சிக்குப் பின் என்ன நடக்கும் என்ற பக்கங்கள்.

பயணப் பணம் தூரப் பட்டையைப் பொறுத்தது. 2024 வழிகாட்டியின்படி 100 முதல் 499 கிலோமீட்டருக்கு 211 யூரோ. ரயில் அல்லது பேருந்தில் வந்தால் 285. 500 முதல் 1,999 கிலோமீட்டருக்கு 309. ரயில், பேருந்தில் 417. பெர்லினிலிருந்து வருபவர் முதல் பட்டை. புக்கரெஸ்டிலிருந்தும் ஸ்கோப்யேயிலிருந்தும் வருபவர்கள் இரண்டாவது. தூரத்தை ஐரோப்பிய ஆணையத்தின் இணையத் தூரக் கணிப்பானில் ஒரு வழிக்கு மட்டும் கணக்கிட வேண்டும், தொகையோ போக வர இரண்டுக்கும் சேர்த்து. இதை இரட்டிப்பாக எழுதிப் பட்ஜெட் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. தொகைகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டியைத் திறந்து சரிபாருங்கள்.

பயிற்றுநர் ஊதியத்துக்கு இந்தப் பிரிவில் தனி வரி கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று வரும் அமைப்புச் செலவுத் தொகையிலும் நாள்தொகையிலும் இருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே முதலில் மூன்று பயிற்றுநர் ஊதியத்தை ஒதுக்குங்கள், அதற்குப் பிறகு விடுதியைத் தேடுங்கள். தலைகீழாகச் செய்தால் வெட்டு விழுவது எப்போதும் ரோமா பயிற்றுநர் ஊதியத்தில்தான்.

முன்பணம் பெரும்பாலும் 80 விழுக்காடு. மானியம் 40,000 யூரோ என்றால் 8,000 யூரோ இறுதி அறிக்கை ஏற்கப்படும் வரை வராது. அந்த 8,000-ஐ இடையில் யார் போடுவார் என்று விண்ணப்பத்துக்கு முன்பே குழுவில் பேசி முடியுங்கள்.

4. பயணம்: "சீட்டை நீங்களே வாங்குங்கள், பிறகு தருகிறோம்" வேண்டாம்

பல அமைப்புகள் இப்படித்தான் செய்கின்றன. பங்கேற்பாளர் கைக்காசைப் போட்டுச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கணக்கில் பணம் வரும். கடன் அட்டையும் சேமிப்பும் உள்ளவருக்கு இது சிரமமே இல்லை. ருமேனியக் குடியிருப்பு ஒன்றில் பகுதிநேர வேலை பார்க்கும் ரோமா இளைஞருக்கு, "நீ வராதே" என்று சொல்வதற்குச் சமம். அவர் காரணம் சொல்லாமல் விலகுவார். நீங்கள் "ஆர்வம் இல்லை" என்று குறித்துக்கொள்வீர்கள்.

எனவே சீட்டுகளை அமைப்பே வாங்கட்டும். முன்வைப்புத் தொகை கேட்காதீர்கள். வழியில் சாப்பிட ஒரு சிறு தொகையை உள்ளூர்க் கூட்டாளி மூலம் கையில் கொடுங்கள்.

ஆவணங்களுக்குக் குறைந்தது 4 மாதம் ஒதுக்குங்கள். மேற்கு பால்கனில் பிறப்புப் பதிவே சரியாக இல்லாத ரோமா குடும்பங்கள் உண்டு. கடவுச்சீட்டு எடுக்கவே நாள் பிடிக்கும். வட மாசிடோனியக் குடிமக்கள் ஷெங்கன் பகுதிக்கு விசா இல்லாமல் வரலாம். ஆனால் தங்கள் நாட்டு எல்லையிலேயே ரோமா மக்களைத் திருப்பி அனுப்பியது தொடர்பாக 2023-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறது. அழைப்புக் கடிதம், தங்குமிட உறுதி, திரும்பும் சீட்டு, காப்பீடு நான்கையும் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். எல்லாவற்றையும் குழுத்தலைவர் பையில் வைத்தால், பிரித்து விசாரிக்கும்போது உதவாது. பயண நாளில் உங்கள் தொலைபேசியை எடுக்க ஒருவர் இருக்கட்டும்.

ஜெர்மனியிலிருந்து வரும் தமிழ் இளைஞர்களிலும் இதைப் பாருங்கள். ஏதிலியாக ஏற்கப்பட்டு பயண ஆவணமும் வதிவிட அனுமதியும் உள்ளவர் வரலாம். புகலிட விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. தேர்வு செய்தபின் இதைக் கண்டுபிடித்து ஒருவரை ஏமாற்றாதீர்கள்.

5. தங்குமிடம்

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: விருந்தினரில் எவருக்கும் இனத்தைக் காட்டிச் சேவை மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். சிரித்துக்கொண்டே கையெழுத்திடும் விடுதியில் தங்குங்கள். தயங்கும் விடுதியை விடுங்கள். அறைகளை நாடு வாரியாகப் பிரிக்காமல் கலந்து போடுங்கள், ஆனால் யாரோடு தங்கச் சங்கடமில்லை என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

மாலையில் வெளியே போகும்போது ஏதாவது மதுக்கடை "இன்று தனி விழா" என்று வாசலில் நிறுத்தலாம். என்ன செய்வது என்று முதல் நாளே பேசி வையுங்கள்: தனியாக வாக்குவாதம் வேண்டாம்; நேரம், இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றை உடனே குறிக்க வேண்டும்; பயிற்றுநருக்குத் தகவல் போக வேண்டும். செக் நாட்டில் வாடிக்கையாளர் மீதான பாகுபாட்டுக்கு வணிக ஆய்வு ஆணையத்திடம் புகார் தரலாம். பிர்னோவில் உள்ள மக்கள் உரிமைப் பாதுகாவலர் அலுவலகம் பாகுபாடு தொடர்பாக இலவசமாக உதவும். மிரட்டல், அடிதடி என்றால் காவல்துறை எண் 158. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்யட்டும். குழுவின் ஆவேசத்தில் அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

6. ஆறு நாள் நிரல்

முதல் நாள் அறிமுகம், நடத்தை விதிகள், சொற்கள். ரோமா மக்களை இழிவாகக் குறிக்கும் "சிகான்" என்ற செக் சொல் தெருவில் சர்வ சாதாரணம். பயிற்சி அறையில் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகருங்கள். தமிழ்ப் பங்கேற்பாளர் இருந்தால் ஒன்றை முன்பே காதில் போடுங்கள். ரோமா மொழிக்கு இந்திய வேர் உண்டு என்பது உண்மை. அந்த மகிழ்ச்சியில் "நீங்கள் எங்கள் ஆட்கள்தானே" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும். "இந்தியாவுக்கே திரும்பிப் போ" என்பது அவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த வசை. சாதியோடு ஒப்பிடுவது நம்மவருக்குச் சட்டென்று விளங்க வைக்கும், அதைத் தமிழர்களின் சிறு குழுவில் செய்யுங்கள்.

முன்முடிவுகளை வெளிக்கொணர "ரோமா என்றால் என்ன நினைவுக்கு வருகிறது, பலகையில் எழுதுங்கள்" என்ற பயிற்சியைக் கைவிடுங்கள். அரை மணியில் பலகை நிறைய வசை சேரும். அதே அறையில் 8 ரோமா பணியாளர்கள் அதைப் படித்துக்கொண்டு ஆறு நாள் உட்கார வேண்டும். ரோமா அல்லாதவர் ரோமாவாக நடிக்கும் வேடமும் வேண்டாம், கேலியில்தான் முடியும். இவற்றுக்குப் பதில், அண்மைய செய்தி இரண்டை எடுத்துக்கொண்டு குற்றம் செய்தவரின் இனம் எங்கே சொல்லப்படுகிறது, எங்கே சொல்லப்படவில்லை என்று கோடிடச் சொல்லுங்கள். ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்ட "மிரர்ஸ்" கையேடு ரோமா வெறுப்பை எதிர்கொள்ளும் பயிற்சிகளுக்கென்றே எழுதப்பட்டது, இணையத்தில் இலவசம். இருந்தாலும் எந்தப் பயிற்சியையும் உங்கள் ரோமா பயிற்றுநர் பார்க்காமல் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாம் நாள் கல்வி, வீடு, காவல்துறை ஆகியவற்றில் பாகுபாடு எப்படி நடக்கிறது என்பது. மூன்றாம் நாள்தான் பயிற்சியின் முதுகெலும்பு. ஓஸ்ட்ராவாவைத் தேர்ந்ததற்கும் அதுதான் காரணம். இந்நகரில் 1996 முதல் 1999 வரை கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட 18 ரோமா பிள்ளைகளின் வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. அதை 90 நிமிடப் பயிற்சியாக இப்படி நடத்தலாம்:

- 10 நிமிடம்: ஒரு பக்கத்தில் விவரம் மட்டும். உளவியல் தேர்வு நடந்தது, தலைமையாசிரியர் முடிவெடுத்தார், பெற்றோர் ஒப்புதல் தந்தார்கள். மனுதாரர் தந்த கணக்கின்படி, ஓஸ்ட்ராவாவில் ரோமா பிள்ளை சிறப்புப் பள்ளிக்குப் போகும் வாய்ப்பு மற்றப் பிள்ளையைவிட 27 மடங்குக்கும் மேல்.
- 25 நிமிடம்: ஆறு ஆறு பேராக விவாதம். பாகுபாடு நிரூபணமாகிறதா? கை தூக்கி வாக்கெடுப்பு.
- 10 நிமிடம்: 2006-ல் நீதிமன்றத்தின் சிறு அமர்வு "இல்லை" என்றதைச் சொல்லுங்கள். 2007 நவம்பர் 13 அன்று பேரமர்வு 13-க்கு 4 என்று "ஆம்" என்றதைப் பிறகு சொல்லுங்கள்.
- 20 நிமிடம்: ஏன் மாறியது? எல்லோருக்கும் ஒரே விதி என்றாலும் விளைவு ஓர் இனத்தின் மீது மட்டும் விழுந்தால் அது மறைமுகப் பாகுபாடு. நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை. விவரம் தெரியாத பெற்றோர் போட்ட கையெழுத்தால் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டதாக ஆகாது.
- 25 நிமிடம்: அவரவர் மன்றத்தில் எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றும் விதிகளை எழுதச் சொல்லுங்கள். உறுப்பினர் கட்டணம், அடையாள அட்டை நகல், இணையப் பதிவு, பெற்றோர் கூட்டத்துக்குக் கட்டாய வருகை. ஒவ்வொன்றும் யாரை வெளியே நிறுத்துகிறது?

"பெற்றோர்தானே ஒப்புக்கொண்டார்கள்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். பதிலைப் பயிற்றுநர் சொல்லாமல் குழுவிடமே திருப்பிவிடுங்கள். "அது பழைய கதை" என்பவருக்கு, 2005-ல் சிறப்புப் பள்ளி என்ற பெயரைச் சட்டம் நீக்கியும் பிள்ளைகள் அதே கட்டடங்களில் வேறு பெயர்ப்பலகைக்குக் கீழே தொடர்ந்ததைச் சொல்லுங்கள்.

நான்காம் நாள் ஆஷ்விட்ஸ் பயணம், அதை அடுத்த பகுதியில் பார்ப்போம். ஐந்தாம் நாள், காலை முதல் ஒரு மணி நேரம் போக, ஒத்திகை. ஒவ்வொருவரும் தம் மன்றத்தில் நடத்தப்போகும் அமர்வின் 20 நிமிடத்தை நடத்திக் காட்ட வேண்டும். 24 பேரும் ஒரே அறையில் என்றால் நேரம் போதாது, மூன்று அறைகளாகப் பிரியுங்கள். "அவர்களுக்குப் படிக்கவே விருப்பமில்லை" போன்ற பேச்சு வந்தால் 90 விநாடிக்குள் பதில் சொல்லப் பழக்குங்கள்: முதலில் ஒரு கேள்வி ("எந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாய்?"), அடுத்து ஒரு தகவல், கடைசியில் மன்றத்தின் விதி. பிரசங்கம் செய்தால் இளைஞர்கள் காதை மூடிக்கொள்வார்கள். ஆறாம் நாள் செயல்திட்டம், மதிப்பீடு, கற்றதைப் பதிவு செய்யும் யூத்பாஸ் சான்றிதழ்.

7. நான்காம் நாள்: ஆஷ்விட்ஸ்

நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் இருந்த போலந்து ஊரான ஒஷ்வியென்சிம், ஓஸ்ட்ராவாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்; காலையில் பேருந்தில் கிளம்பி மாலையில் திரும்பலாம். நுழைவு இலவசம். ஆனால் முன்பதிவும், குழுவுக்கு அங்குள்ள வழிகாட்டியும் தேவை. வழிகாட்டிக்குக் கட்டணம் உண்டு. பார்வையாளர் பெயரும் அடையாள ஆவணமும் பொருந்த வேண்டும். மாதக்கணக்கில் முன்பே பதியாவிட்டால் வேண்டிய மொழியில் வழிகாட்டி கிடைக்க மாட்டார்.

பதியும்போதே எழுத்தில் கேட்க வேண்டியது: 13-ஆம் கட்டடத்தில் உள்ள ரோமா, சிந்தி (ஜெர்மன் மொழிப் பகுதியில் நெடுங்காலமாக வாழும் ரோமா கிளையினர்) இனப்படுகொலைக் கண்காட்சியும், ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவில் ரோமா குடும்பங்கள் அடைக்கப்பட்ட BIIe பகுதியும் சுற்றில் வர வேண்டும். கேட்காவிட்டால் வழக்கமான சுற்றில் இவை விடுபட்டுப்போகலாம். சுமார் 23,000 ரோமா, சிந்தி மக்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 21,000 பேர் உயிர் பிழைக்கவில்லை. குடும்ப நினைவுகளோடு வரும் ரோமா பங்கேற்பாளர் உள்ளே வர மறுக்கலாம். காரணம் கேட்காதீர்கள், கூட இருக்க ஒரு பயிற்றுநரை ஒதுக்குங்கள். அன்று மாலை வேறு அமர்வு எதுவும் வேண்டாம். மறுநாள் காலை முதல் ஒரு மணி நேரம் அதைப் பேசுவதற்கு. இந்தப் பயணத்தை முதல் நாளிலோ கடைசி நாளிலோ வைத்தால், ஒன்று யாரும் யாரையும் அறியாமல் போவார்கள், இல்லையேல் பேச நேரமில்லாமல் ரயிலேறுவார்கள்.

8. முடிந்தபின்

வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாள் ஒரே மூச்சில் வாங்கியது பார்த்தாலே தெரியும். தொகை நாள் கணக்கில் வருவதால், ஒருவர் நான்காம் நாளே கிளம்பினால் மீதி நாள் பணம் குறையும். அதை மறைக்க வேண்டாம். ரயிலிலும் பேருந்திலும் வந்தவர்களிடம் அதற்கான ஒப்பத் தாளை விடுதியைவிட்டுப் போகும் முன்பே வாங்குங்கள். ஊர் போனபின் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. பங்கேற்பாளர் அறிக்கைக்கான இணைப்பு தானாக அனுப்பப்படும். ஆறாம் நாள் மதியம் எல்லோரும் கைபேசியில் அதை நிரப்பும்படி அரை மணி நேரம் நிரலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

8 வாரத்துக்குள் ஒவ்வொருவரும் தம் மன்றத்தில் ஓர் அமர்வு நடத்த வேண்டும். மாற்றிய ஒரு விதியையும் சொல்ல வேண்டும். திட்டத்தின் முடிவு நாளை இதற்கு இடம்விட்டு வையுங்கள். பயிற்சி முடிந்த மறுவாரமே திட்டம் முடிவதாக எழுதியிருந்தால் இந்த விளைவுகளை அறிக்கையில் காட்ட முடியாது. இறுதி அறிக்கைக்குத் திட்டம் முடிந்த நாளிலிருந்து 60 நாள். அதன்பின் முகமை சரிபார்த்து மீதிப் பணத்தை அனுப்பும்.

கோப்புகளைக் கடைசித் தவணை வந்த நாளிலிருந்து 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மானியம் 60,000 யூரோவுக்குள் என்றால் 3 ஆண்டு. யார் ரோமா என்று காட்டும் எந்தக் குறிப்பும் அந்தக் கோப்பில் இருக்கத் தேவையில்லை. இருந்தால் அறிக்கை அனுப்பிய அன்றே அழித்துவிடுங்கள்.